சம்மதத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி:
வணக்கம். ஒரு செயலியில் கணக்குத் தொடங்கும்போது விதிமுறைகளை ஏற்றுக்கொண்டால், நம் விவரங்களை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுப்பதற்கும் சம்மதித்ததாகப் பொருள்படுமா? பின்னர் அதை விலக்கிக்கொள்ள வழி உண்டா?

மறுமொழி 1:
பொருள்படவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, சம்மதம் கட்டாயமின்றியும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், விவரம் அறிந்தும், ஐயத்துக்கு இடமின்றியும் தரப்பட வேண்டும் என்கிறது. முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டத்தை மாற்றாமல் விடுவது சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2019இல் தீர்ப்பளித்தது. சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ, விலக்கிக்கொள்வதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம்.

மறுமொழி 2:
ஆனால், விலக்கிக்கொள்வதற்கு முன் நடந்த பயன்பாடு அதனால் சட்டவிரோதமாகிவிடாது. ஆகவே, தரவை அழிக்கும்படியும் தனியாக எழுதிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் சம்மதம் தேவைப்படுவதும் இல்லை. வாங்கிய பொருளை அனுப்ப முகவரி வேண்டும், அதற்கு ஒப்பந்தமே போதும். அதே முகவரியைப் பிறருக்கு விற்பது முற்றிலும் வேறு செயல், அதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. எவ்வளவு காலத்துக்குள் பதில் தர வேண்டும்?

மறுமொழி 1:
அந்த ஒழுங்குமுறையின்படி ஒரு மாதம். சிக்கலான கோரிக்கையானால், காரணத்தைத் தெரிவித்து மேலும் 2 மாதங்கள் நீட்டிக்கலாம்.