பரங்கிமலைப் பயிற்சிக்கு முன் உடல் தயாரிப்பு: கால் வலியோடு ஓட்டத்தைத் தொடரலாமா?

காவிரிக்கரை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். முப்படை அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி. தேர்வுக் குழுவின் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை மூன்றிலும் தேறி, பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் அக்டோபரில் தொடங்கும் பயிற்சிக்கான அழைப்பை எதிர்பார்த்திருக்கிறேன். இடையில் ஏறக்குறைய நான்கு மாதங்கள் இருக்கின்றன. 2.4 கிலோமீட்டரை 10 நிமிடம் 30 வினாடியில் ஓடுவது, 40 தண்டால், 6 புல்-அப், 30 சிட்-அப், அடிப்படை நீச்சல் ஆகியவற்றை முன்கூட்டியே பழகி வரும்படி ராணுவத்தின் சேர்க்கை அறிவிப்பில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஓட்டத்துக்கு 12 நிமிடம் ஆகிறது. புல்-அப் மூன்றுக்கு மேல் வருவதில்லை. நீச்சல் அறவே தெரியாது. வாரம் முழுவதும் காலையும் மாலையும் தார்ச்சாலையில் ஓடத் தொடங்கியதிலிருந்து இரண்டு கணைக்கால்களிலும் உட்புறமாக வலி இருக்கிறது. வலியைப் பொருட்படுத்தாமல் ஓடினால்தான் உடல் பழகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முன்னாள் கேடட்:
தம்பி, முதலில் வாழ்த்துகள். நண்பர்களின் அந்த அறிவுரையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அகாடமியின் 49 வாரப் பயிற்சியில் ஓட்டமும், முழுச் சுமையோடும் துப்பாக்கியோடும் 5 கிலோமீட்டர் ஓட வேண்டிய பி.பி.இ.டி. என்ற உடல்திறன் சோதனையும், கயிறு ஏறுதலும், பள்ளம் தாண்டுதலும் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கப்படும். சற்று மெதுவாக ஓடுகிறவரை வேகமாக ஓடவைக்க அங்கே பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் காயத்தோடு வந்து, பல வாரம் பயிற்சியில் கலந்துகொள்ள முடியாமல் போகிறவர் ரெலிகேட் ஆகி, அடுத்த அணியோடு மீண்டும் தொடங்க நேரிடலாம். தன் அணியினர் தோளில் நட்சத்திரம் அணிந்து வெளியேறுவதை ஓரமாக நின்று பார்ப்பதைப் போன்ற வேதனை ஒரு கேடட்டுக்கு வேறில்லை. எனவே உங்கள் முதல் இலக்கு, காயமில்லாத கால்களோடு அந்த வாசலுக்குள் நுழைவதாகவே இருக்கட்டும்.

நேரத்தைக் குறைக்கத் தினமும் இருவேளை ஓடத் தேவையில்லை. 400 மீட்டர் தடத்தில் 2.4 கிலோமீட்டர் என்பது ஆறு சுற்று. இப்போது நீங்கள் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் எடுத்துக்கொள்கிறீர்கள். அதை 1 நிமிடம் 45 வினாடிக்குக் கொண்டுவந்தால் போதும். கால் சரியான பிறகு, வாரத்தில் ஒரு நாள் அந்த வேகத்தில் ஒரு சுற்று ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடுவதாக நான்கைந்து முறை செய்யுங்கள். மற்ற ஓட்ட நாள்களில் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதானத்தில் மண் தரையில் ஓடுங்கள். புல்-அப்பைப் பொறுத்தவரை, ஸ்டூலில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்துக்கொண்டு, ஐந்து வினாடி எடுத்து மெல்ல இறங்கும் பயிற்சி மிகவும் பலன் தரும். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிசியோதெரபிஸ்ட்:
மேலே சொன்னதற்கான உடலியல் காரணத்தை விளக்க விரும்புகிறேன். திடீரென ஓட்டத்தைக் கூட்டும்போது இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. எலும்புக்கு அந்த வேகம் கிடையாது. எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்ளுமுன் பழைய திசுவை முதலில் கரைத்து, அதன் பிறகே புதியதைக் கட்டுகிறது. ஆகவே சுமை கூடிய முதல் சில வாரங்களில் அது தற்காலிகமாக வலுவிழந்தே இருக்கிறது. மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்ற துணிச்சலில் தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்கு மயிரிழை முறிவு வருவது இந்த இடைவெளியில்தான். உலகெங்கும் புதிதாகப் படையில் சேர்பவர்களிடம் அதிகம் காணப்படும் காயங்களுள் இதுவும் ஒன்று.

கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். வலி நீளமாகப் பரவியிருந்து, உடல் சூடேறியதும் குறைந்தால் பெரும்பாலும் அது எலும்புறையைச் சுற்றிய அழற்சியாக இருக்கும். ஓட்டத்தை நிறுத்தி, சைக்கிளுக்கும் நீச்சலுக்கும் மாறினால் சில வாரங்களில் தணியும். ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதித்தால் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் முறிவு தெரியாமல் போவதுண்டு, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் வெயில் நிறைந்த நம் ஊரிலும் அந்தக் குறைபாடு பரவலாக இருக்கிறது. மறுபடி ஓடத் தொடங்கும்போது ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும் ஓடி, வாரத் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

காவிரிக்கரை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அழுத்திப் பார்த்தேன், இடது காலில் ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக வலிக்கிறது. நாளையே மருத்துவரைப் பார்க்கிறேன்.

உடற்கல்வி ஆசிரியர்:
நல்ல முடிவு. மருத்துவர் அனுமதித்தால், ஓட முடியாத இந்த வாரங்களை நீச்சலுக்குக் கொடுத்துவிடுங்கள். தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகள் ஆற்றிலும் வாய்க்காலிலும் பழகிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். துணைக்கு ஆள் இல்லாமலும், நீர் திறந்துவிட்டிருக்கும்போதும் இறங்கவே கூடாது. பயிற்சியாளர் உள்ள நீச்சல் குளத்தில் முதலில் முகத்தை நீரில் வைத்து மூச்சை வெளியே விடவும், பிறகு மிதக்கவும் கற்றுக்கொண்டால் பயம் போய்விடும். தண்டாலையும் சிட்-அப்பையும் காலுக்குச் சுமையில்லாத வகையில் தொடரலாம். சேரும் நாளுக்கு முந்தைய வாரத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, நன்றாகத் தூங்குங்கள். கொண்டுபோகும் ஓட்டக் காலணியை அதற்கு முன்பே வாங்கிக் காலுக்குப் பழக்கிவிடுங்கள்.