எல்.எல்.ஆரை வைத்துக்கொண்டு வாடகைக் கார் ஓட்டலாமா?

பாளையங்கோட்டைக்காரி:
வயது 43. எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. பயிற்சிப் பள்ளியில் ஒரே காரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். என் முறை வந்தால் இருபது நிமிடம். அதிலும் பிரேக்கும் கிளட்சும் பயிற்சியாளர் காலடியில். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகிறேன், அவ்வளவுதான். நேற்று ஈரடுக்கு மேம்பால ஏற்றத்தில் அவர் காலை எடுத்துவிட்டார். மூன்று முறை வண்டி அணைந்தது, ஒரு முறை பின்னால் உருண்டது. பின்னால் நின்ற மினி பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

வீட்டில் கார் கிடையாது. கணவர் பல வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறார். அவர் பெயரில் ஞாயிறுதோறும் வாடகைக் கார் எடுத்து, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஓட்டலாமா? ஒரு இடத்தில் எல்.எல்.ஆர். என்றதுமே போனை வைத்துவிட்டார்கள். இன்னொருவர் வெள்ளை நம்பர் பிளேட் வண்டியே தருகிறேன், யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார்.

ஓய்வுபெற்ற பயிற்சியாளர், மதுரை:
அந்த வெள்ளை பிளேட் வண்டியைத் தொடாதீர்கள் அம்மா. சொந்த உபயோகத்துக்குப் பதிவான கார் அது. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். இடித்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது இந்தக் காரணத்தைத்தான்.

முறையான வாடகைக் காரிலும் உங்களுக்கு வழியில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 3-ன்படி, லைசென்ஸ் உள்ளவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் பக்கத்தில் இருந்தால் நீங்கள் ஓட்டலாம். சட்டம் அந்த அளவுக்கு விடுகிறது, வாடகை ஒப்பந்தம் விடாது. லைசென்ஸைக் காட்டிக் கையெழுத்துப் போட்டவர்தான் ஓட்ட வேண்டும் என்று அதில் இருக்கும்.

சொந்தக்காரர் யாரிடமாவது கார் இல்லையா? வழக்கமான பாலிசியில், விதி 3-ஐப் பின்பற்றும் எல்.எல்.ஆர்.காரரும் ஓட்டலாம் என்று ஒரு வரி இருக்கும். பார்த்துவிட்டுக் கேளுங்கள். தனியாக மட்டும் எடுத்துவிடாதீர்கள். மாட்டினால் உங்களுக்கும் 5,000 ரூபாய், வண்டியைக் கொடுத்தவருக்கும் 5,000.

கோவில்பட்டியான்:
நீங்கள் நினைத்ததை நான் செய்தே பார்த்துவிட்டேன் அக்கா. நண்பன் பெயரில் எடுத்து நான் ஓட்டினேன். பெட்ரோல் பங்க் தூணில் பம்பர் உரசியது. ஓட்டியது யார் என்று கேமராவில் பார்த்துவிட்டார்கள். முன்பணம் முழுவதும் போயிற்று. அந்த நண்பன் இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

பாளையங்கோட்டைக்காரி:
ஐயா, சித்தப்பாவிடம் பழைய மாருதி இருக்கிறது. பாலிசியை வாங்கிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன வரி இருக்கிறது. மகன் 18 சென்டிமீட்டர் சதுரத்துக்கு இரண்டு வெள்ளை அட்டை வெட்டி, சிவப்பில் 'எல்' எழுதிக்கொண்டிருக்கிறான். பின்சீட்டில் தானும் வருவேன் என்று சித்தப்பா பிடிவாதம் பிடிக்கிறார். முதல் ஞாயிறு மேம்பாலம் வேண்டாமாம்.