புதுப்பிப்பு: தொங்கும் துளிக்குள் ஸ்டெம் செல்கள்

பெட்ரி தட்டில் சாதுவாக வளரும் எலிக் கரு ஸ்டெம் செல்கள் (உடலின் பல வகைச் செல்களாக மாறக்கூடியவை), தட்டு மூடியின் உட்புறத்திலிருந்து தொங்கவிடும் 20 மைக்ரோலிட்டர் துளியில் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன என்று போன இழையில் கேட்டிருந்தேன். தரமணியில் எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

இந்தச் செல்கள் எஃப்ஜிஎஃப்4 என்ற புரதத்தைத் தாங்களே சுரக்கின்றன; அதுவே அவற்றை வேறுவகைச் செல்லாக மாறத் தூண்டும். தட்டில் இருக்கும் 10 மில்லி ஊடகத்தில், அதாவது செல்களுக்கான ஊட்டத் திரவத்தில், அது நீர்த்துப்போகும். துளியில் போக இடமில்லை, அங்கேயே சேரும். லாக்டேட் கழிவும் அப்படித்தான். இதுபோக, ஒட்டிக்கொள்ளத் தரை கிடைக்காமல் செல்கள் துளியின் அடியில் கூடி உருண்டையாகவும் ஆகிவிடுகின்றன.

ஆவியாதலைப் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார், நன்றி! வெளியே சென்னைப் புழுக்கம் எவ்வளவு இருந்தாலும், ஏசி அறையில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு அரட்டை அடித்தால் துளி சுருங்கும், உப்புச் செறிவு ஏறும். இப்போது உள்ளே ஈரம் இருக்கத் தட்டின் அடியில் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலை ஊற்றித்தான் மூடியைக் கவிழ்க்கிறோம். ஓரத்துத் துளிகளும் நடுத் துளிகளும் ஒரே அளவில் நிற்கின்றன.

அப்புறம், ஊடகம் ஓடிக்கொண்டே இருக்கும் நுண்வாய்க்காலில் வளர்த்து, சுரப்பைக் கழுவிவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஊடகத்தைச் சீராகத் தள்ளும் சிரிஞ்சு பம்ப் யாரிடமாவது சும்மா கிடக்கிறதா?