வீட்டுக்காரர் வேலைக்குப் போற ஊருக்கு நாமும் கூடப் போலாமா?

கடலோரக்காரி (தண்டையார்பேட்டை)

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் துறைமுக கிரேன் சர்வீஸ் பண்ற ஒரு தனியார் கம்பெனில இருக்கார். அடுத்த மாசம் அவருக்கு விசாகப்பட்டினத்துல வேலை. திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் வேலை, சனி ஞாயிறு லீவு. "நீயும் வாயேன், பகல்ல நான் ஹார்பருக்குப் போயிடுவேன், நீ ஊரைச் சுத்திப் பாரு"ன்னு அவரேதான் சொன்னார். பையன் எட்டாவது படிக்கிறான். எங்கம்மா வந்து பாத்துக்கறேன்னுட்டாங்க.

விசாகப்பட்டினம் வழியாப் போற கோரமண்டல் எக்ஸ்பிரஸ் எங்க ஏரியா தண்டவாளத்துலதான் தினமும் ஓடுது. கல்யாணமாகி இங்க வந்ததுலேருந்து அந்த வண்டி போறதைக் கேட்டுல நின்னு பாக்கறேன், ஒருநாளும் ஏறினதில்ல.

அத்தையும் நாத்தனாரும் வேண்டாங்கறாங்க. "அவன் சம்பாதிக்கப் போறான், நீ எதுக்குப் பின்னாடியே? கூட வேலை செய்யறவங்க என்ன நினைப்பாங்க?"ன்னு கேக்கறாங்க. எனக்குப் போகணும்னு ரொம்ப ஆசை. போய்ட்டு வந்தவங்க, போகக்கூடாதுன்னு நினைக்கறவங்க எல்லாருமே சொல்லுங்க.

பெரம்பூர்வாசி

அம்மா, நான் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போக வேண்டாம் என்பதே என் கருத்து.

ரயில்வேயில் டூட்டி பாஸ் தனி, குடும்பத்தோடு போகிற பிரிவிலேஜ் பாஸ் தனி. டூட்டி பாஸ் பொதுவாக வேலைக்குப் போகிறவனுக்குத்தான். பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் பார்க்க வருஷத்துக்கு இத்தனை செட் என்று வேறாகக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் பிரித்து வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பஞ்சாபில் இருக்கிற கபுர்தலா ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு நான் வேலையாகப் போன நாட்களில் ராத்திரி அறைக்குத் திரும்பினால் உடம்பு படுக்கையைத்தான் தேடும். அந்த நேரத்தில் ஒருத்தி சாப்பிடாமல் காத்திருந்தால் அவளும் பாவம், அவனும் பாவம். உங்கள் வீட்டுக்காரருக்கோ கிரேன் வேலை. "அவள் தனியா இருப்பாளே" என்ற நினைப்பில் ஒரு போல்ட்டைப் பாதி முறுக்கிவிட்டு இறங்கினால் கீழே நிற்கிறவன் உயிருக்கு யார் பொறுப்பு? லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதுதான் ஊர் பார்ப்பது.

ராயபுரத்துப் பொண்ணு

ஐயா, சாப்பிடாம ஏன் காத்திருக்கணும்? பசிச்சா சாப்பிட்டுட்டுத் தூங்க வேண்டியதுதானே.

நான் என் வீட்டுக்காரர் கூட இதே விசாகப்பட்டினத்துக்குப் போயிருக்கேன். குடும்பமா லீவு போட்டுப் போற டூரும் எனக்குத் தெரியும். கிளம்பற அன்னைக்கு விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து இட்லி அவிச்சு மிளகாப்பொடி தடவிக் கட்டணும். மாமனார் மாத்திரை, பசங்க ஸ்வெட்டர், ஊறுகாய் பாட்டில் எல்லாம் என் பொறுப்பு. போற இடத்துல யாருக்குப் பசிக்குது, யாருக்கு பாத்ரூம் வருதுன்னு பாத்துட்டே திரும்பி வந்துடுவேன். கோயில் கோபுரத்தைக் கூட நிமிந்து பாத்திருக்க மாட்டேன். வேலைக்குப் போற புருஷன் கூடப் போனாத்தான் பகல் முழுக்க நான் யாருக்கும் எதுவும் எடுத்துக் குடுக்க வேண்டியதில்ல. எங்க போகணும், எங்க உக்காரணும்னு நானே முடிவு பண்ணேன்.

கடலோரக்காரி, பாஷைக்குப் பயப்படாதீங்க. நம்ம பக்கம் தெலுங்கு காதுல விழாத தெரு உண்டா? கொருக்குப்பேட்டை மார்க்கெட்ல பேசற தெலுங்கே அங்க போதும்.

ஆர்.கே. பீச்ல ஐஎன்எஸ் குர்சுரான்னு ஒரு நீர்மூழ்கிக் கப்பலைக் கரையில ஏத்தி அருங்காட்சியகமா வெச்சிருக்காங்க. சோவியத்துல கட்டினது. 1969லேருந்து 2001 வரைக்கும் கடற்படையில ஓடி, 2002ல மக்கள் பாக்கத் திறந்தாங்க. உள்ள நுழைஞ்சு ஒரு முனையிலேருந்து இன்னொரு முனைக்கு நடந்தே போலாம். மாலுமிங்க படுக்கற இடம் ஒரு ஆள் புரளக்கூட முடியாத அளவுதான். எதிர்லயே கடற்படையோட பழைய டியூ 142 விமானம் நிக்குது. கப்பலுக்குத் திங்கக்கிழமை லீவு, அன்னைக்குப் போயி ஏமாறாதீங்க.

சிம்மாசலம் கட்டாயம் போங்க. நரசிம்மர் வருஷம் முழுக்கச் சந்தனக்காப்புலதான் இருப்பார். அட்சய திருதியை அன்னைக்கு ஒரே ஒரு நாள்தான் நிஜ ரூபத்துல தரிசனம். நம்ம திருவொற்றியூர்ல கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூணு நாள் மட்டும் ஆதிபுரீஸ்வரர் கவசம் திறக்கறாங்களே, அது எனக்கு அங்க நின்னப்ப ஞாபகம் வந்துச்சு.

மணலி வீட்டம்மா

எல்லாத்தையும் படிச்சேன். ஒண்ணு சொல்லணும்னு தோணுது.

"வேலைக்குப் போற ஊருக்குக் கூடப் போறது"ன்னு நீங்க பேசறது ரூம் போட்டுக் குடுக்கற கம்பெனிக்காரங்களுக்கு. என் வீட்டுக்காரர் கான்ட்ராக்ட்ல பைப் ஃபிட்டர். எங்க பக்கம் பாதி வீட்டு ஆம்பளைங்க ஃபிட்டர், வெல்டர், பாரம் தூக்கிக் கட்டற ரிக்கர்தான். ரிஃபைனரில ஷட்டவுன் வந்தா கூப்பிடுவாங்க. பிளான்டை நிறுத்தி, உயரமான டவர், எக்ஸ்சேஞ்சர்னு பெரிய மெஷினுங்க எல்லாம் பிரிச்சு, சுத்தம் பண்ணி, திரும்ப மாட்டற வேலை. நிறுத்தி வெச்சிருக்கற ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நஷ்டம், அதனால பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட்டு, ராத்திரி பகல்னு ஓடும். விசாகப்பட்டினம், பாரதீப், ஜாம்நகர், கொச்சின்னு அவர் போகாத ஊரு இல்ல. ஆனா எந்த ஊரையும் பாத்ததில்ல. கேட்லேருந்து ரூம், ரூம்லேருந்து கேட். ஒரு ரூம்ல பத்து பேர் பாய் போட்டுப் படுப்பாங்க. பகல் ஷிஃப்ட்டுக்காரன் எழுந்த இடத்துல ராத்திரி ஷிஃப்ட்டுக்காரன் வந்து படுப்பான். அங்க நான் எங்க போயி இருக்கறது?

ஐயா சொன்ன பயம் எனக்குப் புரியுது. போன வாட்டி அவர் கூட இருந்த ஒருத்தர் ஸ்கஃபோல்டிங் சாரத்துலேருந்து விழுந்துட்டார், உயிர் பொழைச்சார். அன்னைக்கு ராத்திரி போன் எடுக்கற வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த ஊர்ல இருந்திருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பேன், கேட்டுக்கு வெளிய நின்னிருப்பேன். அதனால நான் சொல்றது: அவர் மனசு வேலையில இருக்கட்டும், நாம வீட்ல இருக்கலாம்.

ராயபுரத்துப் பொண்ணு

அக்கா, நீங்க சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா ரூம் இருக்கறவங்களும் போகாம இருந்தா அதனால நம்ம யாருக்கு என்ன வந்துடப்போகுது? நீங்க போக முடியலங்கறது சரியில்லாத விஷயம்தான். அந்தக் கோவத்தைக் கான்ட்ராக்டர்கிட்ட காட்டணும்.

வேலை முடியற அன்னைக்கு நீங்க கிளம்பிப் போயி, ரெண்டு பேரும் ரெண்டு நாள் ஒரு லாட்ஜ்ல தங்கிப் பாத்துட்டு வர முடியாதா?

மணலி வீட்டம்மா

எனக்கு ஆசை இல்லன்னு நினைக்காதம்மா. வேலை முடிஞ்ச அன்னைக்கே ஆளுங்களை மொத்தமா வண்டில ஏத்தி அனுப்பிடுவாங்க. அடுத்த சைட்டுக்கு மறுநாளே கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. ரெண்டு நாள் தங்கினா ரெண்டு நாள் கூலி போச்சு, லாட்ஜ் செலவு வேற. அந்தக் காசுல பொண்ணுக்கு ஒரு டேர்ம் பஸ் பாஸும் புக்கும் வாங்கிடுவேன்.

கோயம்புத்தூர்க்காரி

நான் எதிர்த்திசைல வந்தவளுங்க. எங்கூட்டுக்காரர் பம்ப்செட் கம்பெனில இன்ஜினியர். எண்ணூர்ப் பக்கம் ஒரு வேலைக்குன்னு வந்தப்ப நானும் கூட வந்தனுங்க. "மெட்ராஸ்ன்னா மெரினா, தி. நகர் பாப்பே, எண்ணூர்ல என்ன இருக்குது, புகையும் சாம்பலும்தான்"ன்னாங்க எல்லாரும். புகையும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டனுங்க.

நான் விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி இறங்கி ஏறி இறங்கியே பாதி வடசென்னையப் பாத்துட்டேன். திருவொற்றியூர்ல வடிவுடையம்மனைக் கும்பிட்டுட்டு, கடலோரம் பட்டினத்தார் சமாதிக்குப் போனேன். ஊரே கடனும் வட்டியுமா ஓடிட்டிருக்கறப்ப, எல்லாத்தையும் விட்டுட்டு வந்த மனுசன் அந்தக் கடலப் பாத்துட்டுக் கெடக்கறாரு. அங்க ஒரு மத்தியானம் முழுக்க உக்காந்திருந்தனுங்க, யாரும் "போலாமா, நேரமாச்சு"ன்னு சொல்லல.

ராயபுரம் ஸ்டேசனுக்கும் போனேன். 1856ல தென்னிந்தியாவோட மொத பயணிகள் ரயிலு அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கெளம்புச்சு. அந்தத் தூணுங்களைப் பாத்துட்டு நிக்கறப்ப ஒரு பாட்டிம்மா வந்து "யாரத் தேடறே கண்ணு"ன்னு கேட்டாங்க. ஸ்டேசனத்தான் பாக்க வந்தேன்னதும் அவங்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவங்களே கூட்டிட்டுப் போயி பீச் லைன்ல அத்தோ வாங்கிக் குடுத்தாங்க. பர்மாவுல இருந்து வந்தவங்க கொண்டு வந்த சாப்பாடுன்னு அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

சனிக்கெழமை அவர் லீவுல பழவேற்காடு போனோம். டச்சுக்காரங்க கல்லறையில மண்டை ஓடும் எலும்புக்கூடும் செதுக்குன கல்லு நிக்குது. தண்டையார்பேட்டை அக்கா, நீங்க போற விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்துல பீமிலியிலயும் டச்சுக் கல்லறை இருக்குதுங்க. ரெண்டு ஊர்லயும் அந்த டச்சுக்காரங்க வந்தது ஒரே கடக்கரை வியாபாரத்துக்குத்தான். போனா பாத்துட்டு எழுதுங்க. நான் இங்க வந்து கத்துக்கிட்டதை ஊர்ல உக்காந்து எந்த ஜென்மத்துல கத்துக்கப் போறேன்.

வியாசர்பாடி வண்டிக்காரன்

என் கேஸு வேற. வேலைக்குப் போறது என் பொண்டாட்டி, கூடப் போறது நான். அவங்க பேங்க்ல இருக்காங்க, ஐதராபாத்ல டிரெய்னிங். நான் ஆட்டோ ஓட்றேன், லீவு நான் எடுக்கறதுதான். "பொண்டாட்டி பையைத் தூக்கிட்டுப் போறியா"ன்னு ஸ்டாண்டுல கேட்டாங்க. ஆமா, தூக்கிட்டுத்தான் போனேன். அவங்க படிச்சிட்டிருந்தப்ப நான் சார்மினார், கோல்கொண்டா எல்லாம் பஸ்ஸுல சுத்தினேன். கோல்கொண்டா வாசல்ல நின்னு கை தட்டினா மேல உச்சியில கேக்கும்னு சொல்லுவாங்க. தட்டினேன், மேல இருந்த ஒருத்தர் கையாட்டினார்.

கடலோரக்காரி தங்கச்சி, மூணு விஷயம் கவனி. கம்பெனி குடுக்கற டிக்கெட்டும் பேட்டாவும் வேலைக்குப் போறவங்களுக்கு மட்டும்தான், உன் டிக்கெட்டை உங்க காசுல எடு. ஓட்டல்ல ரெண்டாவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா போடுவாங்க, அதைத் தனி பில்லா வாங்கி நீங்களே கட்டிடுங்க. உன் ஆதாரும் ஒரிஜினல் வேணும், ரிசப்ஷன்ல கேப்பாங்க. குடும்பத்து ஆளு செலவையும் கம்பெனியே குடுத்தா அது சம்பளத்தோட சேர்ந்த சலுகையாகி வருமான வரிக் கணக்குல வரும்னு எங்க வீட்டம்மா சொன்னாங்க. எதுக்கு அந்த வம்பு. வீட்டுக்காரர் அவங்க மேனேஜருக்கு முன்கூட்டியே ஒரு வரி மெயில் போட்டுடட்டும். மறைச்சுப் போனாத்தான் பேச்சு வரும்.

பெரம்பூர்வாசி

வண்டிக்காரத் தம்பி சொன்னது முறையான பேச்சு. காசு விஷயத்தில் எனக்கு இனி ஆட்சேபம் இல்லை. ஆனால் என் முதல் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அவர் கவனம் சிதறாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? வகுப்பறைப் பயிற்சியும் கிரேன் மேல் நிற்பதும் ஒன்றல்ல.

கடலோரக்காரி (தண்டையார்பேட்டை)

ஐயா, உங்க கேள்வியை அவர்கிட்டயே படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டுத்தான் பதில் சொன்னார். கிரேன் மேல ஏறினா போனை கீழ வெச்சுட்டுத்தான் ஏறணுமாம், அது சைட் சட்டமாம். "நீ இங்க வீட்ல இருந்து அப்பாவுக்கு மூச்சு வாங்குது, கேஸ் தீந்து போச்சுன்னு போன் பண்ணா எனக்குக் கவனம் சிதறாதா? நீ எங்க இருந்தாலும் ஆறு மணிக்கு முன்னாடி கூப்பிடாத, அது போதும்"னார். நானும் சரின்னேன். ராத்திரி சாப்பாட்டுக்குக் காத்திருக்க மாட்டேன்னும் சொல்லிட்டேன்.

மேனேஜருக்கு மெயில் போட்டாச்சு. ரூமுக்கு எக்ஸ்ட்ரா நாங்களே கட்டறோம்.

அத்தைகிட்ட இன்னும் பேசணும். அவங்க வேண்டாங்கறதுல வேற ஒண்ணு இருக்குன்னு இப்பத்தான் தோணுது. மாமா லாரி ஓட்டினவர், இந்தியா முழுக்கப் போயிட்டு வந்தவர். அத்தை மீஞ்சூர் தாண்டினதே இல்ல. மணலி அக்கா எழுதினதைப் படிச்சப்புறம்தான் எனக்கு அது உறைச்சுது. அக்கா, உங்ககிட்ட சொல்ல எனக்கு வார்த்தை வரல. நான் போறேன், ஆனா நீங்க சொன்னது மனசுல இருக்கும்.

மணலி வீட்டம்மா

போயிட்டு வாம்மா. நான் போகாதன்னு சொன்னது உன்னைத் தடுக்க இல்ல. ஆனா என் எண்ணம் மாறலை. எங்களை மாதிரி வீட்ல புருஷன் திரும்பி வர்றதுதான் பெருசு, ஊரு அப்புறம்.

பெரம்பூர்வாசி

அந்த ஆறு மணி ஏற்பாடு சரிதான். இருந்தாலும் என் பெண் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

போவதென்று முடிவாகிவிட்டதால் ரயில்காரனாக ஒன்று சொல்கிறேன். அரக்குப் பள்ளத்தாக்கைச் சனிக்கிழமைக்கு வையுங்கள், அவரும் வரட்டும். விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு வழியாகக் கிரண்டுல் போகிற ரயில் காலையிலேயே கிளம்பிவிடும். அந்தப் பாதையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். இரும்புத்தாது ஏற்றிவரப் போட்ட பாதை. வழியில் போரா குகை ஸ்டேஷன் வரும். கூரையும் கண்ணாடியாக இருக்கிற விஸ்டாடோம் பெட்டியில் இடம் வேண்டுமென்றால் இப்போதே முன்பதிவு செய்யுங்கள், சனிக்கிழமை டிக்கெட் கடைசி வாரத்தில் கிடைக்காது. அந்த விஸ்டாடோம் எங்கள் ஐசிஎஃப்பில் செய்தது.

கடலோரக்காரி (தண்டையார்பேட்டை)

இன்னைக்கே போடறேன் ஐயா.