பெயர்த்தகடு போன பழைய காரை எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்? உங்கள் அனுபவம்

மரச்சட்டம்

அச்சே மரத்தில் செய்த காரை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கொட்டகை யாருடையது, எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். உடல் பகுதி கிடையாது. ரேடியேட்டர் கிடையாது. ஹப் மூடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. சட்டம் மரம், முன்னச்சும் பின்னச்சும் மரம், நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். எனக்கு முன்னால் பார்த்தவர்கள் எல்லாரும், யாரோ குதிரை வண்டியில் எஞ்சினைப் பூட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உரிமையாளர் பெரியவர், அவரும் அதைத்தான் நம்பினார்.

எனக்கு உறுத்தியது ஸ்பிரிங். அச்சின் இரண்டு பக்கமும் சுருள் ஸ்பிரிங் மாட்டுகிற இரும்புப் பிடி இருந்தது. குதிரை வண்டி செய்கிறவர் பட்டை ஸ்பிரிங்தான் போடுவார். அந்தக் காலத்துக் கார்களிலும் அநேகமாகப் பட்டைதான்.

உள்ளே வெளிச்சம் போதவில்லை. கிராங்க் கைப்பிடி வந்து கவ்வுகிற முனையைக் கையால் தடவினேன். பல்லின் சரிவு எதிர்ப்பக்கம் போயிருந்தது. திரும்பவும் தடவினேன், அதேதான். கைப்பிடி பக்கம் நின்று பார்த்தால் சாதாரண எஞ்சின் கடிகார முள் திசையில் சுற்றும், பல்லையும் அதற்கேற்பத்தான் வெட்டுவார்கள். இது நேர்மாறாகச் சுற்றும் எஞ்சின்! அப்போதே என் வாயில் பெயர் வந்துவிட்டது. பிரஷ் ரனபவுட். 1907-இல் டெட்ராய்ட்டில் தொடங்கி, 1913 வாக்கில் கடையைக் கட்டிய வண்டி. கிராங்க் திருப்பி உதைத்தால் வலக்கைக்காரருக்கு மணிக்கட்டு உடையக் கூடாது என்றுதான் அலான்சன் பிரஷ் தன் எஞ்சின்களை அந்தத் திசையில் சுற்ற வைத்தார்.

பெரியவரிடம் சொன்னேன், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை போனபோது பின்னச்சைக் காணோம். மட்கிய கட்டைதானே என்று வீட்டில் யாரோ தூக்கிப் போட்டுவிட்டார்களாம். எஞ்சின் பத்திரமாக இருக்கிறது, அது இரும்பு ஆயிற்றே. ஆனால் அந்த வண்டியை அந்த வண்டி ஆக்கியதே அந்தக் கட்டைதான்.

கார்பைடு விளக்கு

எனக்கு இதற்கு நேர் எதிரான கதை. எஞ்சினில் பெயர் இருக்கிறது, வண்டிக்குத்தான் பெயர் இல்லை.

இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி. கிராங்க் பெட்டியின் வார்ப்பிலேயே 'டி டியோன் பூட்டோன்' என்று தெளிவாக எழுத்து. உரிமையாளர் அதோடு நிம்மதி அடைந்துவிட்டார். நான் படுத்துக்கொண்டு பின்னால் பார்த்தேன். டி டியோன் என்றால் சக்கரங்களைத் தாங்க ஒரு தனி அச்சு இருக்கும், சக்தியைக் கொண்டுபோகும் இரண்டு தண்டுகள் அதிலிருந்து பிரிந்து இருக்கும். இதில் அந்த ஏற்பாடே கிடையாது. பின்னச்சு ஒரே குழாய்க்குள் அடங்கியது. ஆக எஞ்சின் மட்டும்தான் அவர்களுடையது. நூற்றுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கு எஞ்சின் விற்ற நிறுவனம் அது. லூயி ரெனோ 1898-இல் செய்த முதல் வண்டியில்கூட டி டியோன் எஞ்சின்தான்.

அப்புறம்தான் அந்த மரப்பலகையைக் கவனித்தேன், ஓட்டுநரின் காலுக்கு முன்னால் நிற்கிற பலகை. பெயிண்ட் எல்லாம் கறுத்துப்போயிருக்க, நடுவில் ஒரு நீள்வட்டம் மட்டும் முதல் நாள் அடித்த பச்சையாகவே இருந்தது. சுற்றிலும் நான்கு ஆணித்துளை. தகடு பல வருஷம் வெயிலை மறைத்து நின்ற இடம். யாருடைய தகடு என்று இன்றுவரை தெரியவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பச்சைதான்.

முன்பானெட்

எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய புகைப்படம் உண்டு, பெரிய தாத்தா காருக்குப் பக்கத்தில் நிற்பது போல. பானெட் முன்னால் சரிந்து இறங்கும், முன்பக்கம் ரேடியேட்டர் கிடையாது. பார்த்தவர்கள் எல்லாரும் ரெனோ என்றுதான் சொன்னார்கள். நிலக்கரிக் கூடை பானெட் என்றாலே ரெனோ, இதில் என்ன சந்தேகம்? படத்தில் தாத்தாவின் கை பானெட்மேல் இருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, சூடாக இருந்ததா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே இருப்பேன்.

பித்தளைக்காரன்

முன்பானெட் தம்பி, சந்தேகம் நிறையவே இருக்கிறது. ரேடியேட்டரை எஞ்சினுக்குப் பின்னால் வைத்து, பானெட்டைச் சரித்து விட்டது ரெனோ மட்டும் அல்ல. கிளெமான்-பாயார் செய்தார்கள், ஷரோன் செய்தார்கள். ரேடியேட்டரே தேவைப்படாத, காற்றில் குளிரும் அமெரிக்க வண்டியான பிராங்க்ளினுக்கும் அதே முகம் ஒரு காலத்தில் இருந்தது. பானெட்டை விடுங்கள், பானெட் முடிகிற இடத்தைப் பாருங்கள். ரெனோவாக இருந்தால் அங்கே ரேடியேட்டர் பானெட்டைவிட அகலமாக இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இதே மாதிரி ஒரு படம் என்னிடமும் வந்தது. சரிந்த பானெட், வலப்பக்க ஸ்டியரிங். ஐரோப்பிய வண்டி என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஏதோ இடித்தது, ஆனால் காரில் அல்ல, ஓட்டுநரின் கோட்டில். ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணி மேலே வரும். படத்தில் வலப்பக்கம் மேலே இருந்தது. கூட இருந்த இன்னொருவர் கோட்டிலும் அப்படியே. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்செடுத்திருக்கிறார்கள்! படத்தைத் திருப்பினேன், ஸ்டியரிங் இடப்பக்கம் வந்துவிட்டது. பானெட்டுக்குப் பின்னால் துருத்தும் ரேடியேட்டர் இல்லை. முன்னால் முழு நீள்வட்ட ஸ்பிரிங், மேலும் கீழும் வளைந்த இரண்டு பட்டை. பிராங்க்ளின்தான். அந்தப் பொத்தான்களைப் பார்க்காமல் விட்டிருந்தால் ரெனோ என்றே அந்தப் படம் காலம் தள்ளியிருக்கும்.

மரச்சட்டம் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. அச்சையும் கிராங்க் பல்லையும் வைத்து நீங்கள் சொன்னது சரி. ஆனால் மரச்சட்டத்தை மட்டும் வைத்து யாரும் முடிவுக்கு வரக் கூடாது. பிராங்க்ளின் 1920-களின் கடைசிவரை மரச்சட்டத்தில்தான் வண்டி கட்டினார்கள்.

அளவுகோல்

எல்லாரும் கண்ணால் பார்த்ததையே சொல்கிறீர்கள். நான் எடுத்ததும் அளவு நாடாவைத்தான் எடுப்பேன், நீங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முதலில் சிலிண்டர் விட்டம். தலை கழன்றிருந்தால் நேராக அளக்கலாம், இல்லாவிட்டால் பிளக் துளை வழியாகவாவது முயற்சி செய்யுங்கள். அங்குலத்தில் வரும் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுத்தால் அக்காலத்து வரிக் கணக்குக் குதிரைத்திறன் கிடைக்கும். ஃபோர்டு மாடல் டி-யின் விட்டம் 3¾ அங்குலம், நான்கு சிலிண்டர், கணக்குப் போட்டால் 22.5 வரும். பழைய விளம்பரங்களும் பட்டியல்களும் இந்த எண்ணைத்தான் சொல்லும். உங்கள் எண்ணை வைத்துக்கொண்டு பட்டியலில் தேடினால் பாதிப் பெயர்கள் உதிர்ந்துவிடும்.

அடுத்து மரை. ஆங்கிலேய விட்வொர்த் மரையின் பல் கோணம் 55 பாகை, அமெரிக்க மரை 60 பாகை, பிரெஞ்சு வண்டிகளில் மெட்ரிக். மரை அளவி ஒன்று கையில் இருந்தால் எந்த நாட்டுப் பட்டறை என்று கொஞ்சம் நெருங்கலாம். ஆனால் போல்ட் தலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். முதல் உலகப் போருக்குப் பின் வந்த மோரிஸ் வண்டிகளுக்கு கவென்ட்ரியில் ஹாட்ச்கிஸ் செய்து கொடுத்த எஞ்சினில் மரை மெட்ரிக், தலையோ விட்வொர்த் ஸ்பானருக்குப் பொருந்துவது. பிரெஞ்சு நிறுவனம், பிரெஞ்சு எந்திரங்கள், ஆங்கிலேயப் பட்டறைக்காரர்கள். மூன்றும் ஒரே போல்ட்டில்.

மூன்றாவது, வாங்கிப் பூட்டிய பாகங்கள். எஞ்சினில் கான்டினென்டல், ருடென்பர், அச்சில் டிம்கன், கார்புரேட்டரில் ஷெப்லர், பிளக்குக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவில் ஸ்பிளிட்டார்ஃப் அல்லது போஷ். இந்தப் பெயர்கள் காரின் பெயர் அல்ல, ஆனால் காலத்தைச் சொல்லும். போஷின் உயர் அழுத்த மேக்னெட்டோ 1902-இல் வந்தது. மின்சார ஸ்டார்ட்டர் கேடிலாக்கில் 1912 மாடலில் வந்தது. எஞ்சின் உறையில் ஸ்டார்ட்டருக்கென்று வார்த்த இடம் இருந்தால் அதற்கு முந்தைய வண்டி என்று வாதாடாதீர்கள். இல்லாவிட்டாலும் உடனே பழசு என்று துள்ளாதீர்கள், மலிவு வண்டிகள் அதற்கப்புறமும் பல வருஷம் கையால்தான் சுற்றப்பட்டன.

நான்காவது, தயவுசெய்து உப்புத்தாள் போடாதீர்கள். கார்பைடு விளக்கு சொன்ன அந்தப் பச்சை நீள்வட்டம் ஒரு உப்புத்தாளில் போயிருக்கும். மட்கிய மரத்தையும் அறுக்காமல், எறியாமல் வையுங்கள்.

வருஷத்தைப் பற்றி ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்களுக்கு: லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் போகும் பழம்பெரும் கார் ஓட்டத்தில் 1905 ஜனவரி 1-க்கு முன் கட்டிய வண்டிகளுக்குத்தான் இடம். ஒரு வண்டி 1904-ஆ 1905-ஆ என்பது மாதக்கணக்கில் சண்டை போடத் தகுந்த விஷயம்.

என் அனுபவம் சின்னது. ஒரு வண்டியின் தரைப்பலகையில் ஓட்டையை அடைக்க யாரோ ஒரு பித்தளைத் துண்டை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். கீழே படுத்துப் பார்த்தபோது அந்த ஓட்டை வழியாக எழுத்து தெரிந்தது. 549160. பெட்ரோல் காருக்கே செல்டன் வாங்கிய காப்புரிமையின் எண்! 1895 நவம்பர் 5-இல் வழங்கியது. அமெரிக்காவில் அந்த உரிமத்துக்குப் பணம் கட்டிய தயாரிப்பாளர்கள் சங்கம் 1903-இல் தொடங்கியது. ஃபோர்டு தொடுத்த மேல்முறையீட்டில் 1911 ஜனவரியில் அவர் பக்கம் தீர்ப்பானதும் அந்தத் தகட்டுக்கு வேலை இல்லாமல் போனது. அந்தத் துண்டு அந்த வண்டியிலேயே இருந்ததுதான் என்றால், ஒட்டுப்போட்ட ஓட்டையே காலத்தைச் சொல்லிவிட்டது.

செம்புக்கறை

நாடா எல்லாம் சரி அண்ணே. ஆனால் என் விஷயத்தில் நாடாவுக்கு முன்னால் நிறம் சொல்லிவிட்டது.

பின்பக்கம் கதவு வைத்து ஏறும் பழைய வண்டி, 1903-ஐ ஒட்டியது. ஃபோர்டின் முதல் மாடல் ஏ என்று ஒரு கூட்டம், கேடிலாக்கின் முதல் மாடல் என்று ஒரு கூட்டம். இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஹென்றி ஃபோர்டு தன் பெயரிலேயே நடந்த நிறுவனத்தை 1902-இல் விட்டு விலகினார், ஹென்றி லீலண்ட் உள்ளே வந்தார், அதே நிறுவனம் கேடிலாக் ஆனது. ஃபோர்டு வெளியே போய் வேறு நிறுவனம் தொடங்கி மாடல் ஏ செய்தார். அதனால் வெளித்தோற்றத்தை வைத்து எவ்வளவு நேரம் பேசினாலும் முடியாது.

இருக்கைப் பலகையைத் தூக்கச் சொன்னேன். எல்லாரும் எட்டிப் பார்த்தோம். ஒரே ஒரு சிலிண்டர், படுத்த வாக்கில். அதைச் சுற்றியிருந்த தண்ணீர்ச் சட்டை, அதாவது குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிற உறை, துருப்பிடித்துச் சிவக்கவில்லை, பாசிப் பச்சையாக இருந்தது. செம்பு! ஒற்றைச் சிலிண்டர் கேடிலாக்கில் தண்ணீர்ச் சட்டையைச் செம்பில்தான் செய்தார்கள். ஃபோர்டு மாடல் ஏ என்றால் அங்கே எதிரெதிராக இரண்டு சிலிண்டர் படுத்திருக்கும். வாதாடிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் குனிந்து பார்த்ததை நான் மறக்க மாட்டேன். இத்தனைக்கும் அந்த வண்டி அங்கே இருந்த காலம் முழுக்க ஒருவரும் அந்தப் பலகையைத் தூக்கவில்லை.

மரச்சட்டம் ஐயா, உங்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று: அந்தக் கேடிலாக் எஞ்சின் வேலையிலும் உங்கள் அலான்சன் பிரஷ் கைவைத்திருக்கிறார்.

கார்பைடு விளக்கு

அளவுகோல் சார், நீங்கள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் என் வண்டியில் எஞ்சினை அளந்தால் எஞ்சின்தான் தெரியும். அது யாருடையது என்று ஏற்கனவே வார்ப்பில் எழுதியிருக்கிறது. கணக்குப் போட்டு வரும் குதிரைத்திறன், அதே எஞ்சினை வாங்கிய எல்லாத் தயாரிப்பாளருக்கும் ஒன்றாகவே வரும். எனக்கு வேண்டியது சட்டத்தைக் கட்டியவர். பின்னச்சுக் குழாயையும், ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகளையும், ஸ்டியரிங் கம்பியின் கீழ்மூட்டையும் வைத்துத்தான் அவரைத் தேட வேண்டும். விலைக்கு வாங்காமல் அவர்களே அடித்துச் செய்தவை அவைதான்.

முன்பு எழுத விட்டுப்போன ஒன்று. அந்த நீள்வட்டத்துக்குள்ளேயே இன்னும் இரண்டு துளை இருக்கிறது, மரச்செருகு அடித்து மூடி, அதன்மேலும் அதே பச்சை அடித்தது. அதாவது பச்சை பூசுவதற்கு முன்னால் அங்கே வேறொரு சின்னத் தகடு இருந்திருக்கிறது. விற்றவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ள, செய்தவரின் தகட்டைக் கழற்றியிருக்கலாம். அப்படியென்றால் நீள்வட்டத் தகடு நாளைக்கே கிடைத்தாலும் எனக்குக் கடைக்காரர் பெயர்தான் கிடைக்கும். இரண்டு துளைக்கும் நடுவே உள்ள தூரத்தை அடுத்த முறை அளந்து போடுகிறேன். இரண்டு ஆணி மட்டும் அடித்த சின்னத் தகடு, 1900-ஐ ஒட்டிய பிரெஞ்சு வண்டி, பின்னச்சு குழாய்க்குள். யாரிடமாவது அப்படி ஒன்று இருந்தால் தகட்டின் அகலத்தைச் சொல்லுங்கள்.