நெதர்லாந்து சைக்கிள் வீராங்கனை பக் பீட்டர்ஸேவை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஐந்தோவனிலிருந்து:

நெதர்லாந்துக்கு வந்த பிறகுதான் சைக்ளோகிராஸ் என்று ஒரு போட்டி இருப்பதே எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் சேற்றிலும் மணலிலும் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஓட்ட முடியாத இடம் வந்தால் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். பாதையில் 40 சென்டிமீட்டர் உயரம் வரை இரண்டு பலகைத் தடுப்புகளும் வைப்பார்கள். பெண்கள் போட்டியில் பெரும்பாலானவர்கள் அங்கே இறங்கித்தான் தாண்டுவார்கள். பக் இறங்கமாட்டார்.

பிராபன்ட் பக்கம் நடந்த ஒரு போட்டியில் பலகைகளை ஒட்டியே இடம் பிடித்து நின்றேன். அவர் வரும் முன்பே கூட்டம் கத்த ஆரம்பித்துவிட்டது. வந்த வேகத்திலேயே முன்சக்கரத்தைத் தூக்கினார், பின்சக்கரமும் கூடவே எழும்பியது, நான்கு மீட்டர் தள்ளியிருந்த அடுத்த பலகையையும் தாண்டிப் போய்விட்டார். டிவியில் பார்த்தால் இது சுலபமாகத் தெரியும். பக்கத்தில் நின்றால்தான் நமக்கு நெஞ்சு அடைக்கிறது. பின்சக்கரம் கொஞ்சம் இடித்தாலும் ஆள் குப்புற விழவேண்டியதுதான். ஒவ்வொரு சுற்றிலும், களைத்த கால்களோடு, அதையே செய்தார்.

2002-இல் பிறந்தவர், அமெர்ஸ்ஃபோர்ட்காரர். 2022-இல் 23 வயதுக்கு உட்பட்டோர் சைக்ளோகிராஸில் உலக சாம்பியன் ஆனார். எலீட் எனப்படும் முதன்மைப் பிரிவில் 2023 ஹூகர்ஹைடயில் வெள்ளி, 2024, 2025 இரண்டிலும் வெண்கலம். மூன்று முறையும் தங்கம் அதே நாட்டின் ஃபெம் வான் எம்பலுக்குப் போனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பாரிஸிலிருந்து:

அக்கா, நான் அவரைக் கோடை வெயிலில் பார்த்தேன். 2024 ஒலிம்பிக் மவுண்டன் பைக் போட்டி, எலான்கூர் குன்று. அதற்கு முந்தைய ஆண்டு நோவே மெஸ்டோவில் எலீட் உலகக் கோப்பையில் இறங்கிய உடனே ஜெயித்தவர், அந்த சீசனின் மொத்தப் பட்டத்தையும் எடுத்தவர். அதனால் பதக்கம் நிச்சயம் என்றுதான் நினைத்தேன். பதக்க இடத்தில் போய்க்கொண்டிருக்கும்போது டயர் பஞ்சர்.

சைக்ளோகிராஸில் பிட் என்ற மாற்றுமிடத்துக்குப் போய் வேறு சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம். மவுண்டன் பைக்கில் அது கிடையாது. தொடங்கிய சைக்கிளிலேயே முடிக்க வேண்டும். காற்றுப் போன டயரோடு, பழுது பார்க்கும் இடமான டெக் ஸோன் வரை போய்ச் சேர்வதற்குள் மற்றவர்கள் தாண்டிவிடுவார்கள். சுற்றிலும் எல்லோரும் பாலின் ஃபெரான்-ப்ரெவோவின் தங்கத்துக்காகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் கண் பின்னாலேயே இருந்தது. பக் விடவே இல்லை. நான்காவதாக வந்தார். அவ்வளவு உழைத்தும் கையில் ஒன்றும் இல்லை.

லியேஜிலிருந்து:

தம்பி, அதன் மிச்சக் கதையை நான் சொல்கிறேன். அந்த ஏமாற்றத்துக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 14, பெண்கள் டூர் தெ ஃபிரான்ஸின் நான்காம் கட்டம், வால்கன்பர்கிலிருந்து எங்கள் ஊர் வரை. பக், டெமி வோலரிங், காசியா நிவியடோமா மூவரும் சேர்ந்து வந்தார்கள். தார் ரோட்டில் வோலரிங்கை யாரால் முந்த முடியும் என்று பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். முடிவுக் கோட்டில் பக்கும் வோலரிங்கும் ஒன்றாகச் சக்கரத்தை முன்னால் தள்ளினார்கள். யார் ஜெயித்தார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. போட்டோ பார்த்துத்தான் பக் என்று அறிவித்தார்கள். சிறந்த இளம் வீராங்கனைக்கான வெள்ளைச் சட்டையும் கடைசியில் அவருக்கே.

அப்புறம் அந்தோராவில் மவுண்டன் பைக் உலகப் பட்டம். எலான்கூரில் கிடைக்காதது, அதே கோடை முடிவதற்குள் வேறு மலையில் கிடைத்தது. சேறு, மலை, தார் ரோடு மூன்றிலும் இந்த வயதில் இப்படி ஓட்டுபவர்கள் அபூர்வம். பலகை தாண்டப் பழகிய உடம்புதான் லியேஜ் கோட்டில் சக்கரத்தை முன்னால் தள்ளியது என்று நான் நம்புகிறேன்.

2025 ஃப்ளெஷ் வலோன் சாலைப் போட்டியில், சுவர் போல் செங்குத்தான ஊயி ஏற்றத்திலும் வோலரிங்கை முந்தினார். அன்று வேலை நாள், என்னால் போக முடியவில்லை. அந்த ஏற்றத்தில் நின்றவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.