குடும்பம் மேலே ஏறினால் பெண்ணும் ஏறுகிறாளா?

காவிரிக்கரை:
பாட்டி நாற்று நட்டார். அம்மா அங்கன்வாடிப் பணியாளர். தங்கை மென்பொருள் பொறியாளர். குடும்பம் ஏறினால் பெண்ணும் ஏறுவாள் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் வந்தபோது, பெண் எட்டாம் வகுப்பு படித்திருந்தால்தான் 5,000 ரூபாய். அந்தப் பணத்துக்காகவே படிப்பை நிறுத்தாத வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

தறிச்சத்தம்:
எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அம்மா தார் சுற்றுவார், தறியிலும் உட்காருவார். அப்பாவுக்கு அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அந்த மாதமே அம்மாவின் தறி நின்றது. "குமாஸ்தா வீட்டுப் பெண் தறியில் உட்காரலாமா?" என்றார் தாத்தா. குடும்பம் ஒரு படி ஏறியது, அம்மா கையிலிருந்த காசு போனது. 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இதைத்தான் யு வடிவ வளைவு என்கிறார்: நாடு வளரும்போது பெண்களின் உழைப்புப் பங்கு முதலில் சரியும்.

காவிரிக்கரை:
அதே வளைவு பிறகு மேலே ஏறுகிறதே, அதை ஏன் விட்டீர்கள்? உங்கள் அம்மா பள்ளத்தில் நின்றார், என் தங்கை மேட்டில் நிற்கிறாள். அவ்வளவுதான்.

முத்திரைத்தாள்:
மேடு என்கிறீர்கள். நான் பத்திரம் எழுதுகிறவன், அந்த மேடு எனக்குத் தெரியும். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை உண்டு. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்றிருந்ததை 2005இல் வந்த மத்தியச் சட்டம் சரிசெய்தது. ஆனால் என் மேசைக்கு வருவது, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். டாக்டர் அக்கா, பேராசிரியை தங்கை எல்லோரும் அண்ணன் பேருக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். ஒன்றுமில்லாத வீட்டில் இந்தப் பத்திரத்துக்கு வேலையே இல்லை. நிலத்துக்கு விலை ஏறிய பிறகுதான் தங்கையைக் காரில் அழைத்துவருகிறார்கள். பதிவு முடிந்ததும் பட்டுச்சேலை, ஓட்டலில் சாப்பாடு.

காவிரிக்கரை:
மனம் ஒப்பித்தானே கையெழுத்திடுகிறார்கள்? தாய்வீட்டு உறவு, பொங்கல் சீர் இவற்றுக்கெல்லாம் மதிப்பே கிடையாதா?

தறிச்சத்தம்:
பங்கைக் கேட்டால் அறுந்துபோகும் உறவென்றால், அதற்கு அவள் கொடுக்கும் விலை சில சென்ட் நிலம். கேட்கிறேனே என்று நினைக்க வேண்டாம், உங்கள் தங்கையும் கையெழுத்துப் போட்டுவிட்டாரா?

காவிரிக்கரை:
போட்டாள். அவளாகத்தான் வேண்டாம் என்றாள்.

முத்திரைத்தாள்:
எல்லாப் பத்திரத்திலும் அப்படித்தான் எழுதுகிறேன், ஐயா.